பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள்?

சனி, காங்கேசன்துறை

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, நாலு மணி நேரம் சொச்சத்தில் காங்கேசன்துறை வந்து இறங்கினேன். 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த சேவை இது. மழைக்காலத்தில் ஓடாது. மாசி மாதக் கடல் அமைதியாக இருந்தது என்று நான் நினைத்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு அப்படித் தோன்றவில்லை, பாவம்.

எதற்காகக் கிளம்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. 1998 டிசம்பர் 28 அன்று டெல்லியில் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கால் நூற்றாண்டு ஆன விஷயம். அதைப் பற்றிச் சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை போவதுதான் திட்டம்.

பலர் நினைப்பதுபோல 'எல்லாவற்றுக்கும் வரி இல்லை' என்ற ஒப்பந்தம் அல்ல இது. இரண்டு நாடுகளும் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் உள்ள பொருளுக்குச் சலுகை கிடையாது. இந்தியாவின் பட்டியலில் 429 இனங்கள், இலங்கையின் பட்டியலில் 1180. மற்ற பொருள்களுக்கு இந்தியா 3 வருஷத்தில் வரியை நீக்க வேண்டும் என்று இருந்தது. இலங்கைக்கு 8 வருஷம் அவகாசம். சின்ன நாடு என்பதால் கொடுத்த இடம் அது. இதைச் சரியாகச் சொல்லக்கூடிய ஒருவரைக் கப்பலில் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய பெரிய பைகளோடு அடிக்கடி போய்வருகிற ஒருவர் மட்டும் யோசித்துவிட்டு, "எங்களுக்கு ஒப்பந்தம்னா அது பெட்டியோட எடைதான் சார்" என்றார். சேலை, எவர்சில்வர் பாத்திரம், மசாலாப் பொடி. தராசு என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்கு நாட்டின் கொள்கை.

ஞாயிறு, சுன்னாகம்

காலையிலேயே சந்தைக்குப் போய்விட்டேன். செம்மண் ஒட்டிய உருளைக்கிழங்கு மூட்டைகள், சின்ன வெங்காயம், புகையிலை. அங்கே ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் முகத்தில் ஒரு சிரிப்பு. வெங்காயம் பற்றிக் கேட்க வந்தேன் என்றதும் அந்தச் சிரிப்பு காணாமல்போனது.

அவர் பேச்சு 1998-இல் தொடங்கவில்லை, 1970-இல் தொடங்கியது. சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். தெற்கில் சனம் பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசையில் நின்ற காலம். ஆனால் வடக்கில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் (காய்ந்த மிளகாய்) விளைவித்தவர்களுக்கு அது பொற்காலம். வெளியிலிருந்து எதுவும் வராது, தெற்கு முழுக்க இவர்களிடம்தான் வாங்கியாக வேண்டும். "மிளகாய் வித்த காசில கல்வீடு கட்டின சனம் இந்த ஊரில எத்தனை பேர் தெரியுமே தம்பி?" 1977-இல் ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார். விலை விழுந்தது. அதற்குப் பிறகு யுத்தம். யுத்தத்தைப் பற்றி அவர் இரண்டு வாக்கியம்தான் சொன்னார். 1977 பற்றி அரை மணி நேரம்.

யாழ்ப்பாணத்துக் கமக்காரர்களின் (விவசாயிகளின்) கருத்தைப் புரிந்துகொள்ள இந்த வருஷக் கணக்கு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். சிங்களக் கிராமங்களில் அந்த ஏழு வருஷங்களைப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். இங்கே அதே ஏழு வருஷங்கள் கல்வீடுகளாக நிற்கின்றன. பொருளாதாரத்தைத் திறப்பது நல்லதா கெட்டதா என்று ஒரே தீவில் கேட்டால் ஒரே பதில் வராது.

இதில் இன்னொரு சிக்கல். பெரியவருக்குக் கோபம் வர வைக்கிற இந்திய உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் ஒப்பந்தச் சலுகையில் வருபவை அல்ல. வேளாண் பொருள்களில் பெரும்பாலானவற்றை இலங்கை விலக்குப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அவற்றுக்கு விசேட பண்ட வரி என்று தனியாக ஒன்று இருக்கிறது. உள்ளூர் அறுவடை வரும்போது அரசாங்கம் அதை ஏற்றும், முடிந்ததும் இறக்கும். ஏற்றுவது ஒரு வாரம் தாமதமானால்கூட அதற்குள் கப்பலில் சரக்கு வந்து இறங்கிவிடும். அவருடைய உண்மையான சண்டை அந்த ஒரு வாரத்தோடுதான். நான் இதைச் சொன்னதும் கேட்டார்: "அப்ப அந்த ஒப்பந்தம் எங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டுறீங்கள். பிறகேன் அது?"

பதில் சொல்லத் தெரியாமல் ஒரு கிலோ கிழங்கு வாங்கிக்கொண்டு வந்தேன். தங்கியிருக்கும் வீட்டு அம்மா அதைப் பிரட்டல் கறி வைத்துக் கொடுத்தார். கறி பிரமாதம்.

மாலையில் மயிலிட்டிப் பக்கம் போனேன். மீனவர்களிடம் வர்த்தகம் என்று பேச்செடுப்பதே அபத்தமாக இருந்தது. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. எங்கள் பக்கத்து விசைப்படகுகள் வந்து அதைத்தான் செய்துவிட்டுப் போகின்றன. வலையை இழந்தவனிடம் பக்கத்து நாட்டோடு தீர்வையைக் குறைக்கலாமா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? தமிழ்நாட்டில் இந்த விஷயத்தை நாம் எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே படிக்கிறோம். இங்கே நின்று கேட்கும்போது சங்கடமாக இருக்கிறது. அவ்வளவுதான் இப்போதைக்கு.

திங்கள், தம்புள்ளை

ஏ9 சாலையில் நாள் முழுக்க பஸ். ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா என்று வெயில். ஓடும் முச்சக்கர வண்டிகளில் முக்கால்வாசி பஜாஜ், பஸ்களில் பாதிக்கு மேல் லேலண்ட். பக்கத்தில் இருந்த இளைஞர், "இந்தியா இங்கே என்னத்தைப் புதிதாகக் கொண்டுவரப் போகிறது, எல்லாம்தான் வந்துவிட்டதே" என்றார். தம்புள்ளை மொத்தச் சந்தையில் லாரி டிரைவர்களோடு டீ குடித்தேன். எங்கிருந்து வந்த வெங்காயமாக இருந்தாலும் வாடகை ஒன்றுதான் என்பது அவர்கள் நிலைப்பாடு. தெளிவான நிலைப்பாடு. தூக்கம் வருகிறது.

செவ்வாய், மாத்தளை

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த ஊர் இது, காரணம் மிளகு. என் சித்தப்பாவுக்கு இடுக்கியில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலமும் மிளகும் இருக்கிறது. எங்கள் வீட்டு விசேஷங்களில் சாப்பாடு முடிந்ததும் அவர் தொடங்கும் பேச்சு ஒன்றுதான்: இலங்கை மிளகு வந்து எங்களை அழித்துவிட்டது. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, இலங்கை என்றாலே மிளகு மூட்டைகளோடு நிற்கும் ஒரு பெரிய பகை நாடு என்றுதான் மனதில் பதிந்திருந்தது.

சரி, இன்று அந்தப் பகை நாட்டைப் பார்த்தேன். வீட்டைச் சுற்றிச் சீமை அகத்தி மரங்களில் ஏறிய கொடி, வாசலில் பாயில் காயும் மிளகு, பக்கத்தில் ஒரு பாட்டி காக்காய் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அரை ஏக்கர், கால் ஏக்கர், பலருக்கு அதுவும் இல்லை. பெருந்தோட்டப் பயிர் அல்ல இது, வீட்டுத் தோட்டத்துப் பயிர்.

கடைவீதியில் மிளகு, கிராம்பு வாங்கி விற்கும் ஒரு வியாபாரி. ஊரே அவரை நானா (அண்ணன்) என்று கூப்பிடுகிறது; நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒப்பந்தத்தின் மிளகு விதிகளை மனப்பாடமாக ஒப்பித்த முதல் ஆள் அவர்தான். வருஷத்துக்கு 2,500 டன் வரை இந்தியாவுக்குள் வரி இல்லாமல் போகலாம். அதற்கு மேல் போனால் தெற்காசிய ஒப்பந்தப்படி 8 சதவீதம். எந்த ஒப்பந்தமும் இல்லாத நாட்டு மிளகுக்கு இந்தியாவில் 70 சதவீத வரி. இலங்கை மிளகில் காரம் அதிகம் என்பதால் எண்ணெய்ச்சாறு எடுக்கும் இந்தியத் தொழிற்சாலைகள் இதைத் தேடி வாங்குகின்றன. பெரும்பாலும் முற்றாத இளமிளகைத்தான். இலங்கை மிளகுக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் இந்தியா.

வரியில் இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தால் தண்ணீர் எங்கே ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியட்நாம் மிளகு உலகத்திலேயே அதிகம், விலையும் குறைவு. அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, இலங்கையில் விளைந்தது என்று சான்றிதழ் வாங்கி, இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று குடகிலும் வயநாட்டிலும் இடுக்கியிலும் குரல் எழுந்தது. 2017 டிசம்பரில் இந்தியா ஒரு அடி அடித்தது: கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் எந்த மிளகும் இறக்குமதியாகக் கூடாது.

சித்தப்பா அன்று ஊரில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். நானாவுக்கும் அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வியட்நாம் மிளகு கொண்டுவந்தவன் கொழும்பில் ஏசி அறையில் இருந்தான், அடி விழுந்தது இந்தப் பாயில் காயவைத்தவனுக்கு என்றார். அவருக்கு அந்த வியாபாரிகள் மேல் இருக்கும் கோபம் என் சித்தப்பாவின் கோபத்தைவிட அதிகம். "எங்கட பேரைக் கெடுத்தது அவங்கதான்."

இரண்டு பேரையும் போனில் பேச வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சித்தப்பாவைக் கூப்பிட்டு, மாத்தளையில் நிற்கிறேன் என்றேன். "அங்கே கிலோ என்ன விலை?" என்று கேட்டார். சொன்னேன். "குறைச்சுச் சொல்றான், நம்பாதே" என்று வைத்துவிட்டார்.

நானாவிடம் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: ஒப்பந்தம் வேண்டுமா வேண்டாமா? வேண்டும் என்றார் யோசிக்காமல். ஆனால் இந்தியா ஒரு ராத்திரியில் விதியை மாற்றாமல் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் பெரியவன் தன் இஷ்டத்துக்குக் கோட்டை நகர்த்தலாம், சின்னவன் நகர்த்த முடியாது என்றால் அது எதற்கு? இதைத்தான் இந்தத் தீவில் பல பேர் பல விதமாகச் சொல்கிறார்கள். மாத்தளையில் அதற்கு ஒரு தேதியும் விலையும் இருக்கிறது.

புதன், மாத்தளை

மழை. எங்கும் போகவில்லை. நானா நேற்றுச் சொன்ன இன்னொரு கதையை எழுதி வைக்கிறேன்.

ஒப்பந்தம் வந்த புதிதில் இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. இலங்கையில் எண்ணெய்ப்பனை மிகக் குறைவு. பாமாயிலை இங்கே குறைந்த வரியில் இறக்கி, வனஸ்பதி ஆக்கி, வரி இல்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஆலைகளில் முதல் போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்! செம்பிலும் இதே கூத்து, பழைய செம்பை வாங்கி உருக்கி அனுப்புவது. விதி என்னவோ உள்ளூரில் 35 சதவீதம் மதிப்புக் கூட வேண்டும் என்றுதான் சொல்கிறது. 2005 வாக்கில் இந்தியாவுக்குப் போன இலங்கைச் சரக்கில் பெரும்பங்கு இந்த இரண்டுமே. பிறகு இந்திய ஆலைக்காரர்கள் கூச்சல் போட, வருஷத்துக்கு 2,50,000 டன் என்று வனஸ்பதிக்கு வரம்பு வந்தது, ஆலைகள் படுத்தன. இந்திய முதலாளி இந்திய முதலாளியோடு போட்ட சண்டையில் இரண்டு நாட்டுப் பத்திரிகைகளிலும் கெட்ட பெயர் மட்டும் ஒப்பந்தத்துக்கு.

தேயிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீலகிரியில் அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலை வந்து குவியும் என்று பயந்தார்கள். அதனால் வருஷத்துக்கு 1.5 கோடி கிலோ என்று கட்டுப்பாடு போட்டார்கள். அதில் சிறு பங்கைத்தான் இலங்கை அனுப்பியது. வராத வெள்ளத்துக்கு அணை கட்டின கதை.

வியாழன், கொழும்பு

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு. வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறுகிறது. மூட்டை தூக்குபவர்களுக்கு வழி விடாமல் நின்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் என்ன திட்டு விழும் என்பதை மும்மொழிகளிலும் கற்றுக்கொண்டேன்.

மூன்று தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கும் ஒரு தமிழர் மாடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். 1987-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இந்தியப் படை வந்த பிறகு, ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சி இந்தியச் சாமானை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மீறினால் என்ன ஆகும் என்பது அந்த நாட்களில் எல்லோருக்கும் தெரியும். இவருடைய அப்பா இந்திய மிளகாய் மூட்டைகளைப் பின்கட்டுக்கு மாற்றினாராம். இந்திய விஸ்தரிப்புவாதம் என்பது அந்தக் கட்சி தன் ஆட்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று.

அதே கட்சியின் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதி ஆனார். டிசம்பரில் முதல் வெளிநாட்டுப் பயணமாகப் போனது டெல்லிக்கு. புதிய பொருளாதார ஒப்பந்தம் பற்றிய பேச்சைத் தொடர்வோம் என்று கூட்டறிக்கையும் வந்தது. கடைக்காரர் இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

நடுவில் 2022 வந்து போயிருக்கிறது. டொலர் தீர்ந்து, பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசை நின்ற வருஷம். இந்தியா பல வகையிலும் சேர்த்துச் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அதில் 100 கோடி உணவு, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருளுக்கான கடன். தமிழ்நாடு தனியாக 40,000 டன் அரிசி அறிவித்தது. அந்த அரிசியை வாங்கியவர்களுக்கு இந்தியாவைப் பற்றிய எண்ணம் கொஞ்சம் மாறியது உண்மை என்கிறார் இவர். கடன் கொடுத்தவனை எவ்வளவு நாளைக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம் என்பதையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

இங்கே எல்லோரும் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: ஒப்பந்தத்தால் இந்தியா கொழிக்கிறது, பாருங்கள் நாம் விற்பதைவிடப் பல மடங்கு வாங்குகிறோம். இடைவெளி உண்மைதான். ஆனால் அது ஒப்பந்தத்துக்கு முன்னால் இன்னும் மோசம். 1999-இல் இலங்கை இந்தியாவுக்கு விற்றதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வாங்கியது. அதைவிட முக்கியமாக, இந்தியாவுக்குப் போகும் இலங்கைச் சரக்கில் 60 சதவீதத்துக்கு மேல் ஒப்பந்தச் சலுகையில் போகிறது. இலங்கைக்கு வரும் இந்தியச் சரக்கில் சலுகையைப் பயன்படுத்துவது 5 சதவீதம் அளவுதான். எண்ணெய், வண்டி, மருந்து என்று மீதியெல்லாம் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வந்திருக்கும். கணக்கைக் கடைக்காரரிடம் காட்டினேன். உண்மையாகத்தான் இருக்கும் என்றார். "ஆனா இந்தக் கணக்கை மேடையில சொல்லி யாரும் ஓட்டு வாங்க முடியாதே தம்பி."

வெள்ளி, கொழும்பு

வெள்ளவத்தையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பரையும், அவரோடு வேலை பார்க்கும் சிங்கள நண்பரையும் சந்தித்தேன். கடற்கரையோரம் நடந்துகொண்டே பேசினோம். அடிக்கடி ரயில் குறுக்கே போய்ப் பேச்சை நிறுத்தியது.

இந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. இருக்கிற ஒப்பந்தத்தின் மேல் இங்கே யாருக்கும் அவ்வளவு கோபம் இல்லை; வராத ஒப்பந்தத்தின் மேல்தான் கோபமெல்லாம். சேவைகளையும் முதலீட்டையும் சேர்த்து விரிவான ஒப்பந்தம் ஒன்று 2008-இல் கொழும்பில் சார்க் மாநாட்டின்போது கையெழுத்தாவதாக இருந்தது. இங்கே எழுந்த எதிர்ப்பில் நின்றது. ரணில் விக்கிரமசிங்க பிரதமராக இருந்தபோது அதை எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம்) என்ற பெயரில் மறுபடி எடுத்தார். 2016-இல் முன்னால் நின்று எதிர்த்தது அரசாங்க மருத்துவ அதிகாரிகள் சங்கம். இந்திய டாக்டர்கள் வந்து குவிவார்கள் என்றார்கள். சேவைத் துறையில் தகவல் தொழில்நுட்பமும் கப்பல் கட்டுமானமும் மட்டும்தான் திறக்கப்படும் என்று அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. எடுபடவில்லை. ஆயிரம் முறை மறுத்தால்கூட, அறுநூறு மருத்துவக் கல்லூரிகளுக்கு மேல் வைத்திருக்கும் பக்கத்து நாட்டைப் பார்த்துப் பயப்படாதே என்று ஒரு சின்ன நாட்டின் டாக்டரிடம் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் அதே 2016-இல் நடந்த இன்னொன்றையும் நண்பர் நினைவூட்டினார். இந்தியாவின் நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் இலவச ஆம்புலன்ஸ் சேவை வந்தது. அதற்கும் எதிர்ப்பு, அதுவும் ஊடுருவல் என்று பேச்சு. இன்று தீவு முழுக்க ஓடுகிறது. அவருடைய அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு 1990 என்ற எண்ணை அழைத்ததும் வண்டி வந்தது. அதை இந்திய ஆம்புலன்ஸ் என்று இப்போது யாரும் சொல்வதில்லை, சுவசெரிய என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படியானால் எட்காவுக்கு ஆதரவா என்று கேட்டேன். இல்லை என்றார் உடனே. தன் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும் ஊர் பக்கத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சிங்கள நண்பர் வேறு மாதிரி பார்த்தார். இங்கே ஆள் பற்றாமல் இருக்கிறது, 2022-க்குப் பிறகு தன்னோடு படித்தவர்களில் பலர் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள், யாராவது வரட்டுமே. இந்தியாவைப் பிடிக்காதவர் என்று நான் எதிர்பார்த்தவர் வரட்டும் என்கிறார், தமிழர் வேண்டாம் என்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து இதுவரை கேட்ட எல்லாவற்றையும் இன, மொழிக் கட்டங்களில் அடுக்கி வைத்திருந்தேன். அந்த அடுக்கு இங்கே கலைந்தது.

இருவரும் ஒத்துப்போன இடம் ஒன்றே ஒன்று. ஒப்பந்த வரைவை யாரும் கண்ணில் காட்டவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்டால் படித்துப் பார்த்துச் சொல்வோம், காட்டாமல் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வோம் என்றார்கள்.

"உங்கட பக்கம் காட்டுவினமே?" என்று கேட்டார் நண்பர்.

எங்கள் பக்கமும் காட்டமாட்டார்கள் என்றேன். 2019-இல் ஆசிய பசிபிக் நாடுகளின் பெரிய வர்த்தக ஒப்பந்தம் ஒன்றை எதிர்த்து எங்கள் பால்காரர்களும் விவசாயிகளும் தெருவில் இறங்கினார்கள். அவர்களில் யாரும் அதன் வரைவைப் படித்திருக்க வழியில்லை. அந்த நவம்பரில் இந்தியா அதிலிருந்து விலகியது.

"அப்ப படிக்காமலே நீங்கள் வெண்டுபோட்டீங்கள்" என்றார். அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது, ஓரமாக ஒதுங்கினோம்.